கூரையில் இருக்கும் பெட்டிக்குப் பொறுப்பு யார்? ஒரு சனசமூக நிலைய நிர்வாக சபைக்குத் திறந்த மடல்

நிர்வாக சபையினருக்கு,

கடந்த பொதுக்கூட்டத்தில் நீங்கள் கை உயர்த்தி நிறைவேற்றிய தீர்மானத்தை என்னால் ஏற்க முடியாது. நிலையத்தின் கூரையில் பூட்டியிருக்கும் எப்.எம். டிரான்ஸ்மிட்டரைத் தொடர்ந்து இயக்குவது, மாலை நேர ஒலிபரப்பைச் சாதாரண தரம் படிக்கும் மாணவர்களிடம் சுழற்சி முறையில் ஒப்படைப்பது, "வலு குறைவு என்பதால் அனுமதி எதுவும் தேவையில்லை" என்று அறிக்கையில் பதிவது. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் முடித்தீர்கள். எதிர்த்துப் பேச எழுந்த எனக்குக் கிடைத்த பதில், நேரமாகிவிட்டது, தேநீர் ஆறுகிறது என்பதுதான். அங்கே பேச முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நிலையத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். உங்கள் மானத்தைக் காப்பாற்றுவதற்காக அல்ல. பெயர் வெளியே வந்தால் விசாரிக்க வருபவர்கள் முதலில் கேட்பது, அந்த நேரத்தில் பெட்டியை இயக்கியவர் யார் என்பதைத்தான். அதற்கான கடமைப் பட்டியல் சுவரில் தொங்குகிறது. அதில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளின் பெயர்களும் கையெழுத்துகளும் இருக்கின்றன. உங்களில் ஒருவருடைய பெயரும் இல்லை. இந்த மடலைத் தனிக் கடிதமாக அனுப்பாமல் வெளியில் எழுதுவதற்குக் காரணம், இதே மாதிரிப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு இதே சமாதானத்தைச் சொல்லிக்கொள்ளும் சங்கங்களும் மன்றங்களும் தனி ஆர்வலர்களும் கொழும்பில் வேறும் இருப்பதுதான். அவர்களும் படிக்கட்டும்.

பெட்டியை நீங்கள் "சின்னப் பெட்டி" என்றே அழைக்கிறீர்கள். அளவில் சின்னதுதான். முன்பக்கத்தில் ஒரு சிறிய திரை, பின்பக்கத்தில் 12 வோல்ட் மின்சாரத்துக்கு ஒரு துளை, அன்டெனாவுக்கு ஒரு திருகுவாய். வலுவை 1 வாட், 7 வாட் என இரண்டு நிலைகளில் வைக்கலாம். நான் கடைசியாகப் பார்த்தபோது 7 இல் இருந்தது. ஏன் என்று கேட்டேன். குறைத்தால் வெள்ளவத்தையைத் தாண்டிப் பம்பலப்பிட்டியில் கேட்பதில்லை என்று அன்று பொறுப்பில் இருந்த தம்பி சொன்னான். பம்பலப்பிட்டியில் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்ட பிறகு குறைந்த வலுவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

உங்கள் வாதத்தின் தூண், பெட்டிக்குப் பணம் தந்த நன்கொடையாளரின் மின்னஞ்சல். நியூ ஜெர்சியில் வாழும் அவர், அமெரிக்காவில் குறைந்த வலு டிரான்ஸ்மிட்டருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை, "பகுதி 15" என்ற விதி அதற்கு இடம் தருகிறது என்று எழுதியிருந்தார். செயலாளர் அதைக் கூட்டத்தில் உரக்க வாசித்தார். அவர் எழுதியது பொய்யல்ல. ஆனால் விதியின் முதல் வரியோடு நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

பகுதி 15 என்பது அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழு வகுத்த விதித்தொகுப்பில் ஓர் அத்தியாயம். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான எப்.எம். பரப்பில் அனுமதிப்பத்திரமின்றி இயங்கும் கருவிக்கு அது எல்லை வகுத்திருக்கிறது. அந்த எல்லை வாட்டில் சொல்லப்படவில்லை. கருவியிலிருந்து 3 மீற்றர் தள்ளி நின்று அளந்தால், அலையின் பலம், அதாவது புலச் செறிவு, மீற்றருக்கு 250 மைக்ரோவோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பதே விதி. அதை வலுவாக மாற்றிக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 19 நனோவாட் வரும். ஒரு வாட்டை நூறு கோடிப் பங்காகப் பிரித்து அதில் பத்தொன்பது பங்கு. உங்கள் பெட்டி 7 வாட்டில் இயங்கும்போது அதைவிடச் சுமார் 37 கோடி மடங்கு. 1 வாட்டுக்கு இறக்கினாலும் 5 கோடி மடங்குக்கு மேல். கடையில் "குறைந்த வலு" என்று விற்கப்படுவதற்கும் அந்த விதி குறைந்த வலு என்று சொல்வதற்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கிறது. பகுதி 15 இன் எல்லைக்குள் அடங்கிய எப்.எம். கருவி சுமார் 60 மீற்றர் தூரம் கேட்கும். உங்கள் நிலையத்திலிருந்து காலி வீதியைக்கூட எட்டாது.

மத்திய அலையில் அங்கே கொஞ்சம் தாராளம் உண்டு. டிரான்ஸ்மிட்டரின் இறுதிக் கட்டத்துக்குக் கொடுக்கும் வலு 100 மில்லிவாட் வரை போகலாம். ஆனால் அன்டெனா, அதற்குப் போகும் கம்பி, புவி இணைப்புக் கம்பி எல்லாம் சேர்ந்து நீளம் 3 மீற்றரைத் தாண்டக் கூடாது. வீட்டில் தானே செய்துகொள்ளும் ஆர்வலருக்கும் ஒரு சலுகை இருக்கிறது: சொந்தப் பாவனைக்கு, விற்பனைக்கு அல்லாமல், ஐந்துக்கு மேற்படாத எண்ணிக்கையில் செய்தால் கருவிக்கு முன்கூட்டிய அங்கீகாரம் வேண்டியதில்லை. பொதியாக வாங்கிப் பூட்டியது இந்தச் சலுகைக்குள் வராது. சலுகை பெறுபவரும் நல்ல பொறியியல் முறைப்படி, எல்லைகளுக்குள் நிற்கும்படி அதைச் செய்திருக்க வேண்டும் என்று விதி எதிர்பார்க்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலே நிற்பவை வேறு நிபந்தனைகள். உன் கருவி இன்னொருவருடைய சேவைக்குத் தீங்கான இடையூறு செய்யக் கூடாது. இன்னொருவரால் உனக்கு வரும் இடையூறை நீ பொறுத்துக்கொள்ள வேண்டும். இடையூறு என்று ஆணைக்குழு அறிவித்தால் உடனே நிறுத்த வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாத இடத்தில் பொறுப்பு இயக்குபவர் தலையில் முழுதாக இறங்குகிறது என்பதுதான் இதன் பொருள். உங்கள் கூட்டத்தில் வாசிக்கப்பட்ட மின்னஞ்சலில் இவற்றில் ஒன்றும் இல்லை.

அங்கே கூரையைக் கொடுத்தவரும் தப்பமுடியாது. அனுமதியற்ற ஒலிபரப்புக்கு எதிராக 2020 இல் அமெரிக்காவில் வந்த சட்டம் தண்டப்பணத்தை 20 இலட்சம் டொலர் வரை உயர்த்தியது. தெரிந்துகொண்டே இடம் கொடுக்கும் கட்டட உரிமையாளர்களுக்கும் ஆணைக்குழு எச்சரிக்கைக் கடிதம் அனுப்புகிறது. நன்கொடையாளர் தமது நியூ ஜெர்சி வீட்டுக் கூரையில் இந்தப் பெட்டியை இதே 7 வாட்டில் ஒரு மாதம் இயக்கிப் பார்க்கட்டும். பிறகு நமக்கு ஆலோசனை சொல்லட்டும்.

பிரித்தானியாவை உதாரணம் காட்டியவருக்கும் ஒரு வரி: காரில் கைத்தொலைபேசிப் பாட்டை வானொலியில் கேட்க உதவும் விரலளவு எப்.எம். டிரான்ஸ்மிட்டர்கூட அங்கே 2006 இன் இறுதிவரை சட்டவிரோதம். அனுமதித்தபோது வைத்த எல்லை 50 நனோவாட்.

இவ்வளவையும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்ல வேண்டும். இவை எதுவும் கொழும்புக்குப் பொருந்தாது. வெள்ளவத்தைக் கூரையில் இருந்து புறப்படும் அலைக்கு வாஷிங்டன் விதி பாதுகாப்புத் தராது. இங்கே ஆள்வது 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டம். அது 1996 இல் திருத்தப்பட்டபோதுதான் இன்றைய தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு பிறந்தது. 2024 இல் மறுபடியும் திருத்தப்பட்டது. வானலை அலைவரிசையையோ அதை வெளியிடும் கருவியையோ பயன்படுத்த ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது அதன் அடிப்படை. அப்படிப்பட்ட கருவியை விற்பவருக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். இதற்கு வெளியே, பொதுமக்கள் கேட்பதற்காக ஒரு தனியார் ஒலிபரப்பு நிலையத்தை நடத்துவது தனி விடயம். அதற்கு 1966 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்க ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ் வேறோர் அனுமதி வேண்டும். ஆக, உங்கள் "சின்னப் பெட்டி" ஒன்றல்ல, இரண்டு சட்டங்களின் வாசலில் நிற்கிறது.

சிறு கருவிகளுக்கு விலக்கு இருக்காதா என்று கேட்பீர்கள். விலக்கு என்பது எந்த அலைவரிசையில், எவ்வளவு வலுவில், எந்தப் பாவனைக்கு என்று ஒழுங்குபடுத்துபவர் எழுத்தில் தருவது. கடைக்காரர் வாயால் தருவது விலக்கு அல்ல. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இந்த டிரான்ஸ்மிட்டர்களை அடுக்கி வைத்திருக்கும் ஒருவரிடம் நானே கேட்டேன், இதற்கு லைசன்ஸ் வேண்டுமா என்று. "எல்லோரும் வாங்குகிறார்கள் அண்ணா" என்றார். நான் கேட்டது அதையல்ல.

கூட்டத்தில் சட்டம் படிக்கும் ஓர் உறுப்பினர், அலைகள் பொதுச் சொத்து என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்று வாதாடினார். கைதட்டலும் வாங்கினார். 1995 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது உண்மை. 1997 இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் நமது அரசியலமைப்புக்கு முரணானது என்று நமது உயர் நீதிமன்றம் தீர்மானித்ததும் உண்மை. இரண்டுமே அரசாங்கம் வானலையைத் தன் வீட்டுச் சொத்தாக வைத்திருக்கக் கூடாது என்பதற்காக எழுந்த குரல்கள். நான் மதிக்கும் குரல்கள். ஆனால் அதே இந்தியத் தீர்ப்பு, பொதுச் சொத்து என்பதால்தான் அதைப் பொது நலன் கருதி ஒரு பொது அதிகாரசபை ஒழுங்குபடுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. பொதுச் சொத்து என்றால் பின் ஒழுங்கையில் குடியிருக்கும் ஆச்சியுடைய சொத்தும்தான்.

அந்த ஆச்சியைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. மின்னணுப் பொருட்கள் திருத்துவது என் தொழில் என்பதால் அவர் தமது வானொலியை என்னிடம் கொண்டுவந்தார். காலையில் நன்றாக வேலை செய்கிறது, மாலையானால் பழுதாகிவிடுகிறது, செய்தி வாசிக்கிறபோது நடுவில் யாரோ பிள்ளைகள் திருக்குறள் சொல்கிறார்கள் என்றார். வானொலியில் ஒரு பழுதும் இல்லை. கைப்பிடி உடைந்து நூல் கட்டிய பழைய பெட்டி. அலைவரிசை தேடும் ஊசியை அவர் பல வருடங்களாக அசைத்ததே இல்லை. வீட்டுக்கு எழுபது, எண்பது மீற்றர் தூரத்தில் 7 வாட் நிற்கும்போது அந்த மாதிரி மலிவான வானொலி திணறிப்போய் எல்லா இடத்திலும் உங்களையே கேட்கும். அவர் யாரிடம் முறையிடுவார்? உங்கள் ஒலிபரப்பில் நிலையத்தின் பெயரும் சொல்வதில்லை, தொலைபேசி இலக்கமும் சொல்வதில்லை. அனுமதி பெற்ற எந்த நிலையமும் இப்படி முகம் மறைத்துப் பேச முடியாது.

ஆச்சியின் முறைப்பாட்டோடு நான் நிற்கவில்லை, அளந்தும் பார்த்தேன். மடிகணினியில் செருகும் பெருவிரல் அளவு வானொலி வாங்கி ஒன்று என்னிடம் இருக்கிறது. அலைவரிசைகளைத் திரையில் கோடுகளாகக் காட்டும். ஒரு மாலை எதிர்க் கட்டடத்தின் மாடியில் இருந்து பார்த்தேன். நீங்கள் ஒலிபரப்பும் 87.6 மெகாஹெர்ட்ஸில் கோடு திரையின் மேல் விளிம்பைத் தொட்டது. எதிர்பார்த்ததுதான். ஆனால் 175.2 இலும் தெளிவான ஒரு கோடு, 262.8 இலும் மெல்லிய ஒன்று. அதாவது இரு மடங்கிலும் மும்மடங்கிலும் உங்கள் பெட்டி வேண்டாத அலைகளைக் கக்குகிறது. இப்படிப்பட்ட மலிவு வாங்கிகள் பலத்த அலை வந்தால் தாமே பொய்க் கோடுகளை உண்டாக்கிக் காட்டும், அதனால் அவசரப்படவில்லை. அன்டெனாவுக்கும் வாங்கிக்கும் நடுவே அலையைப் பத்து டெசிபெல் (அலையின் பலத்தை ஒப்பிடும் அலகு) தணிக்கும் சிறு உறுப்பு ஒன்றைச் செருகி மறுபடியும் பார்த்தேன். பொய்க் கோடாக இருந்தால் இரு மடங்கில் தெரிந்தது இருபது டெசிபெல் அளவுக்கும், மும்மடங்கில் தெரிந்தது முப்பது அளவுக்கும் விழுந்திருக்க வேண்டும். எல்லாக் கோடுகளும் சரியாகப் பத்தே இறங்கின. பொய் என் கருவியில் இல்லை; கழிவு உங்கள் பெட்டியிலிருந்துதான் வருகிறது. நல்ல டிரான்ஸ்மிட்டரில் இதைத் தடுக்க வடிகட்டிச் சுற்று இருக்கும். உங்கள் பெட்டியைத் திறந்து பார்த்த மாணவன், அந்த இடத்தில் பலகையில் துளைகள் மட்டும் இருக்கின்றன, சுருள்கள் பூட்டப்படவில்லை என்று எனக்குப் படம் எடுத்துக் காட்டினான். உற்பத்தி செய்தவர் மிச்சம் பிடித்த சில ரூபாய்கள் அவை.

எப்.எம். பரப்பு முடியும் 108 மெகாஹெர்ட்ஸுக்கு அடுத்தபடியில் தொடங்குவது விமானப் போக்குவரத்துக்கான பரப்பு. விமானம் ஓடுபாதையின் நேர்கோட்டைப் பிடிக்க உதவும் வழிகாட்டி அலைகளும், விமானியும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசும் அலைகளும், 121.5 என்ற அவசர அலைவரிசையும் அங்கேதான் இருக்கின்றன. இரத்மலானை விமான நிலையம் உங்கள் கூரையில் இருந்து ஆறேழு கிலோமீற்றர். நான் அளந்த மாலையில் 108 க்கு மேல் சுத்தமாக இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வெயிலில் காய்ந்து, மழையில் நனைந்து, இரைச்சல் நிறைந்த மலிவு அடாப்டரில் இயங்கும் வடிகட்டியில்லாத ஒரு பெட்டி நாளையும் சுத்தமாக இருக்கும் என்று உங்களில் யார் எழுதிக் கையெழுத்திடுவீர்கள்? பிள்ளைகளைத்தானே கையெழுத்திட வைத்திருக்கிறீர்கள்.

இடையில் இன்னொன்று. அன்டெனாவை மின்தூக்கி அறையின் மேலே இரும்புக் குழாயில் கட்டியிருக்கிறீர்கள். கட்டடத்திலேயே உயரமான புள்ளி அது. புவி இணைப்பு இல்லை. சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலை இடி மின்னல் கொழும்பில் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஒலிபரப்பு நேரமும் அதே மாலைதான்.

"இந்த ஊரில் வானொலியே ஆர்வலர்கள் தொடங்கியதுதான்" என்று தலைவர் ஐயா பேசினார். எட்வர்ட் ஹார்ப்பரைச் சொன்னார். நல்ல வரலாறு, எனக்கும் பிடித்த வரலாறு. கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களைக் கொண்டு 1923 இல் கொழும்பில் சோதனை ஒலிபரப்பு நடத்தியவர் அவர். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. ஆனால் ஹார்ப்பர் மறைந்திருந்து ஒலிபரப்பவில்லை. அவர் அரசாங்கத் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளர்; சோதனை நடந்ததும் தந்தி அலுவலகத்தில்தான். உங்கள் பெட்டிக்கு அவரைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

இனி, கூட்டத்தில் எவரும் வாய் திறக்காத விடயத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் சுற்றிவளைப்புத் தேடுதல் நடக்கும் இரவுகளில் என் அம்மா முதலில் ஒளித்தது நகைகளை அல்ல. என் சோல்டரிங் அயனையும், பிரித்துப் போட்ட வானொலிகளின் உறுப்புகள் கிடந்த பிஸ்கட் தகரத்தையும். அடையாள அட்டை இருந்தது, பொலிஸ் பதிவும் இருந்தது. செப்புக் கம்பி சுற்றிய ஒரு சுருளை வாசலில் நிற்பவருக்கு விளங்கப்படுத்த எந்தப் பத்திரமும் இருக்கவில்லை. உங்களில் பலர் என் வயதுக்காரர்கள். இதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. போர் 2009 இல் முடிந்தது. அந்தக் காலத்துப் பயத்தை இன்றைய பிள்ளைகளுக்குக் கைமாற்ற எனக்கும் விருப்பமில்லை. ஆனால் கொழும்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை அனுமதியற்ற டிரான்ஸ்மிட்டரோடு பிடிபட்டால், "பொழுதுபோக்குக்காகச் செய்தேன்" என்ற விளக்கம் எல்லோருக்கும் கிடைக்கும் அதே பொறுமையோடு கேட்கப்படும் என்று நம்புகிற அளவுக்கு நான் அப்பாவி அல்ல. நீங்களும் அல்ல. சட்டம் தெளிவாக இருக்கும் இடத்தில் அதன் சரியான பக்கத்தில் நிற்பதுதான் நமக்கு இருக்கும் ஒரே காப்பு. அதைத்தான் தேநீர் ஆறும் அவசரத்தில் கைவிட்டீர்கள்.

அந்தப் பிள்ளைகள் என் சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகள். பற்றரி இல்லாமல் இயங்கும் வானொலி வாங்கியைத் தங்கள் கையால் செய்து காதில் வைத்துக் கேட்டவர்கள். ஒலிபரப்பு என்றதும் அவர்கள் பறந்ததில் எனக்கு வியப்பில்லை. அந்த வயதில் நானும் பறந்திருப்பேன். அவர்களுடைய நிகழ்ச்சிகளைக் குறை சொல்லவும் முடியாது. கணித பாடம் நடத்தும் பிள்ளை என்னைவிட நன்றாகவே நடத்துகிறாள். ஆனால் கடமைப் பட்டியலின் தலைப்பில் "இயக்குநர்" என்று அச்சடித்து அவர்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறீர்கள். பெட்டியை வாங்கியது சபை, கூரை சபையினுடையது, தீர்மானம் சபையினுடையது. இயக்குநர் மட்டும் பதினாறு வயது. பெற்றோரில் ஒருவருக்காவது இது சட்டத்தோடு உரசும் விடயம் என்று சொன்னீர்களா? நான் விசாரித்த பெற்றோர், பிள்ளை நூலகத்தில் பேச்சுப் பயிற்சிக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அத்தோடு நிற்கவும் இல்லை. அண்மையில் ஒரு சேலைக் கடையின் விளம்பரமும் கேட்டது. அனுசரணை என்று சொல்வீர்கள். பணம் கைமாறிய பிறகு இதைப் பொழுதுபோக்கு என்று எந்த அதிகாரியிடமும் சொல்ல முடியாது.

நான் வானொலிக்கு எதிரானவன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அலையில் பேச ஆசைப்படுகிறவர்களுக்கு நேர்வழி இருக்கிறது. ஆணைக்குழுவின் பரீட்சையில் சித்தியடைந்து ஆர்வலர்கள் தமக்குள் அலையில் பேசிக்கொள்வதற்கான அமெச்சூர் வானொலி அனுமதிப்பத்திரம் பெற்றால் 4எஸ்7 என்று தொடங்கும் சொந்த அழைப்புக்குறி கிடைக்கும். உலகம் முழுவதும் உள்ளவர்களோடு பேசலாம். அதை வைத்துப் பாட்டுப் போடவோ பொதுமக்களுக்கு நிகழ்ச்சி நடத்தவோ முடியாது. ஆர்வலர்கள் பலரும் தடுமாறும் இடம் இது, தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அது தரும் தகுதி வேறு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தொலைபேசிகள் செயலிழந்து கிடந்த தென்கரையில் இருந்து கொழும்புக்குச் செய்தி சேர்த்தவர்களில் அமெச்சூர் வானொலியாளர்களும் இருந்தார்கள். அன்று அவர்களை யாரும் அனுமதி எங்கே என்று கேட்கவில்லை. அது அவர்கள் சட்டைப்பையில் ஏற்கெனவே இருந்தது. நிகழ்ச்சிதான் நடத்த வேண்டும் என்றால் இணையத்தில் நேரடியாக ஒலிபரப்ப ஒரு மடிகணினி போதும். கேட்பவர் பம்பலப்பிட்டியில் இருந்தாலும் நியூ ஜெர்சியில் இருந்தாலும் கேட்கும். வாசிப்பறைக்கும் மண்டபத்துக்கும் கம்பி வழி ஒலிபெருக்கி போட நானே வருகிறேன், கூலி வேண்டாம்.

ஆகவே என் கோரிக்கைகள். முதலாவது, டிரான்ஸ்மிட்டரை உடனே நிறுத்தி, அன்டெனாவையும் கூரையில் இருந்து இறக்குங்கள். இறக்கியதை வேறொரு சங்கத்துக்கு விற்கவோ அன்பளிப்புச் செய்யவோ வேண்டாம். அதை என்ன செய்வது என்று ஒரு சட்டத்தரணியிடம் கேட்டு அவர் சொல்வதைச் செய்யுங்கள். இரண்டாவது, "அனுமதி தேவையில்லை" என்ற தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் இரத்துச் செய்து, இதுவரை நடந்த ஒலிபரப்புக்கு முழுப் பொறுப்பும் நிர்வாக சபையைச் சேர்ந்தது, எந்த மாணவரையும் சேர்ந்ததல்ல என்று சபையினர் அனைவரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்யுங்கள். பட்டியலைக் கிழித்துப் போடுவதால் இது தீராது. கிழித்தால் பிள்ளைகள் செய்ததும் மறையும், நீங்கள் செய்வித்ததும் மறையும். எனக்கு வேண்டியது உங்கள் கையெழுத்து. பெற்றோர்களைத் தனிக் கூட்டம் கூட்டி நடந்ததைச் சொல்லுங்கள்.

குறைந்த வலுக் கருவிகளில் எவற்றுக்கு இங்கே விலக்கு உண்டு, எவற்றுக்கு இல்லை, சமூக ஒலிபரப்புக்கு விண்ணப்பிக்க வழி என்ன என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்குத் தமிழில் எழுதுங்கள். தமிழ் அரச கரும மொழி, தமிழில் பதில் கேட்பது நமது உரிமை. வந்த பதிலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், எல்லாச் சங்கங்களும் பார்க்கட்டும். விளம்பரத்துக்கு வாங்கிய பணத்தைச் சேலைக் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். நன்கொடையில் மீதி இருக்கும் தொகையை அமெச்சூர் வானொலிப் பரீட்சைக்குப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். வகுப்பை நான் நடத்துகிறேன். பின் ஒழுங்கை ஆச்சியிடம் உங்களில் ஒருவர் நேரில் போய்ப் பேசுங்கள். எந்த வீடு என்று நான் காட்டுகிறேன்.

அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்துக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். அதுவரை கூரைக்குப் போகும் கதவின் சாவி மாணவர்கள் யாரிடமும் இருக்கக் கூடாது. இன்று அது நூலக மேசையின் இரண்டாவது இழுப்பறையில், பூட்டில்லாமல் கிடக்கிறது.

இப்படிக்கு,
சனிக்கிழமை மின்னணு வகுப்பை நடத்துபவன்
வெள்ளவத்தை, கொழும்பு 6